இரைப்பு நோயும் இருவகை மருந்தும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் தொழிலுடைய யாம் மருந்தைப் பற்றிப் பேச முன்வந்தது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். நோயை ஆராய்ந்து மருந்து எழுதிக்கொடுப்பது வைத்தியர் கடமை. அதில் யாம் தலையிடோம். ஆயின், எழுதிக்கொடுத்த மருந்து வீடு வந்து சேர்ந்தபின் என்னாகின்றது என்பது வைத்தியர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதனைப் பாதியில் நிறுத்துவதும், விருந்தினர் வருங்காலத்து அலமாரிக்குள் ஒளிப்பதும், பெண் பார்க்க வருவோர் அறியாவண்ணம் மறைப்பதும் வீட்டிற்குள் நடப்பன. ஆண்டு பலவாக நம் பிள்ளைகளோடு வகுப்பறையில் பழகிவரும் எமக்கு இவை நன்கு தெரியும். ஆதலின், இரைப்பு நோய்க்குரிய மருந்தையும், அம்மருந்தை நம்மவர் நடத்தும் விதத்தையும் இன்று பொருளாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். அது எமக்குப் பழகிய துறை. இரைதல் என்பது ஒலித்தல். கடல் இரைகின்றது என்று சொல்லுகிறோம் அல்லவா? மூச்சு விடுங்கால் மார்பினுள் சீழ்க்கை போன்றதோர் ஒலி எழுவதால் தமிழர் இந்நோயை இரைப்பு என்றனர். வடமொழி வழிப்பட்ட வைத்திய நூலார் சுவாசகாசம் என்றனர். மேனாட்டார் வழங்கும் ஆஸ்துமா என்னும் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது; மூச்சுத் திணறுதல் என்பதே அதன் பொருள். இக்காலத்து நம் வீடுகளில் இம்மூன்று பெயரும் வழங்கக் காணோம். "பிள்ளைக்கு வீசிங் இருக்கிறது, ஆனால் ஆஸ்துமா இல்லை" என்று தாய்மார் சொல்லக் கேட்கிறோம். வீசிங் என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்விரைப்பு ஒலியையே குறிப்பது. சளி பிடித்த காலத்து மட்டும் இரைத்து, வளர வளர நின்றுவிடும் குழந்தைகளும் உளர் என்பது உண்மை. ஆனால், ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருவதொன்றைப் பெயரை மாற்றி அழைப்பதால் நோய் மாறிவிடாது. மருந்து தவறிப்போவதற்கு மட்டுமே அது வழிசெய்யும்.

இனி, நோயின் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். மூக்கின் வழி உட்புகும் காற்று, மரத்தின் கிளைபோல் பிரிந்து பிரிந்து செல்லும் சிறு குழாய்களின் வழியே நுரையீரலை அடைகின்றது. இரைப்பு நோயுடையார்க்கு அக்குழாய்களின் உட்சுவர் எக்காலமும் சற்றே அழன்று வீங்கியிருக்கும். அவ்வாறு அழன்றிருக்கும் குழாயில் தூசியோ, புகையோ, குளிர்ந்த காற்றோ, சளிக்காய்ச்சலோ வந்து தாக்கின், குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்ளும். சளியும் சுரந்து அடைக்கும். அப்பொழுது காற்று உட்செல்வதினும் வெளிவருதல் கடினமாகும். தாக்குதல் நீங்கியதும் தசை தளர்ந்துவிடும். நோயாளி எழுந்து நடமாடுவார். ஆயின் உள்ளிருக்கும் அழற்சி அப்படியே இருக்கும். சாம்பலுக்குள் கனன்றுகொண்டிருக்கும் தணலை ஒப்பது அது. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால், யாம் இனிச் சொல்லப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

நோயில் இவ்வாறு இரு கூறு உண்மையின், மருந்தும் இருவகைப்படும். ஒன்று, இறுகிய தசையைத் தளர்த்தி உடனே மூச்சு விடச் செய்வது. அதனைத் தணிப்பு மருந்து என்போம். சால்புட்டமால் இவ்வகையது. உள்ளிழுத்த சில நிமிஷங்களில் வேலை செய்யும். நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை அதன் பயன் நிற்கும். மற்றொன்று, உள்ளிருக்கும் அழற்சியை நாளடைவில் ஆற்றுவது. அதனைத் தடுப்பு மருந்து என்போம். பியூடசனைடு, பெக்லோமெத்தசோன் முதலியன இவ்வகையின. இவற்றை இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. நாள்தோறும் தவறாது இழுத்துவரச் சில நாட்களிலும் வாரங்களிலும் பயன் புலப்படும். முன்னது தீயணைக்க ஓடிவரும் வண்டி. பின்னது தீப்பற்றாமல் காக்கும் காவல். பட்டாசு ஆலைகள் சூழ வாழும் நமக்கு இவ்விரண்டின் வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வண்டி இருக்கின்றதென்று காவலை நீக்கும் முதலாளி எவரேனும் உளரோ? மருந்தின் திறத்தில் மட்டும் நம்மவர் அதனையே செய்கின்றனர்.

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென ஆராய்ந்து, அது வந்த காரணத்தையும் ஆராய்ந்து, அதன்பின் நீக்கும் வழியை நாடுக என்று முறைப்படுத்தினார். காரணத்தை விட்டுக் குறியை மட்டும் தணித்தல் அவர் நெறி அன்று. தணிப்பு மருந்தையே நம்பி வாழ்பவர் குறியைத் தணித்துக் காரணத்தை வளர்ப்பவர் ஆகின்றார்.

இம்மருந்துகளின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார், இந்நாட்டார் ஊமத்தையை உலர்த்திப் புகைத்து இரைப்பைத் தணித்துக்கொள்வதைக் கண்டார். அம்முறையை அவரிடம் அறிந்த ஜெனரல் ஜென்ட் என்பார் 1802-ல் அதனை வைத்தியர் சிம்ஸ் என்பாரிடம் சேர்ப்பித்தார். அங்கிருந்து அது ஐரோப்பா முழுவதும் பரவியது. ஊமத்தை இலைப்பொடியை நின்று எரியச்செய்ய அதனோடு வெடியுப்பைக் கலந்தனர். ஆஸ்துமா சிகரெட் என்றும், ஆஸ்துமாப் பொடி என்றும் நூறாண்டுக்கு மேலாக மேனாட்டுக் கடைகளில் அது விற்றது. சிவகாசியில் மத்தாப்புக்கு ஊட்டும் அதே வெடியுப்பு ஒருகாலத்தில் மூச்சுத் திணறுவோர்க்கு மருந்துப் புகையையும் ஊட்டியது!

ஊமத்தையில் உள்ள அட்ரோப்பீன் வகைச் சத்து காற்றுக்குழாயின் தசையைத் தளர்த்துவது உண்மையே. ஆனால் அளவு சிறிது மிகின், நாவறட்சியும் கண் மங்கலும் பிதற்றலும் உண்டாகும். மிகவும் மிகின் உயிர்க்கே இறுதி. ஆகையால் இரசாயன நூலார் அச்சத்தின் உருவைச் சிறிது மாற்றி, குழாயில் மட்டும் வேலைசெய்து மூளைக்கு ஏறாத இப்ராட்ரோப்பியம் என்னும் மருந்தைச் செய்தனர். கடும் இரைப்போடு ஆஸ்பத்திரி சேர்வோர்க்கு நெபுலைசர் என்னும் கருவியில் சால்புட்டமாலோடு இதனையும் சேர்த்துக் கொடுக்கின்றனர். நம் வேலியோரத்து ஊமத்தை, ஊர் சுற்றி, தீது நீங்கி, நம்மிடமே திரும்பி வந்தது என்று கொள்ளலாம். அதுபோலவே, நம் ஆடாதோடையின் சத்தை அடிப்படையாகக் கொண்டு, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் செய்யப்பட்டது. எனவே, இங்கிலீஷ் மருந்து நமக்கு முற்றிலும் அந்நியம் என்பதும், நாட்டு மருந்து முழுதும் வீண் என்பதும் ஆகிய இரண்டும் பொருந்தாக் கூற்றுக்களே.

மருந்தை உள்ளிழுக்கும் கருவியும் ஒரு சிறுமி கேட்ட வினாவினால் பிறந்தது. 1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் என்னும் மருந்துக் கம்பெனியின் தலைவராயிருந்த ஜார்ஜ் மேய்சன் என்பாருடைய மகள் இரைப்பு நோயுடையவள். கூந்தலுக்குத் தெளிக்கும் தைலம் குப்பியிலிருந்து சீறி வருவதுபோல என் மருந்தும் ஏன் வரலாகாது என்று அவள் தந்தையைக் கேட்டாள். அடுத்த ஆண்டே, அழுத்தினால் அளவாக மருந்து சீறும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. பின்னர் இங்கிலாந்தில் டேவிட் ஜாக் என்பார் தலைமையில் உழைத்த குழுவினர் கண்ட சால்புட்டமால் 1969-லும், பெக்லோமெத்தசோன் என்னும் தடுப்பு மருந்து 1972-லும் இன்ஹேலரில் வந்தன. இவ்வாறு இருவகை மருந்தும் கைக்கு எட்டி ஐம்பதாண்டுக்கு மேலாகிவிட்டது.

ஆயின், தணிப்பு மருந்தை மட்டுமே நம்புவதன் கேட்டை உலகம் உயிர்ப்பலி கொடுத்தே கற்றது. 1960-களில் இங்கிலாந்தில் ஐசோப்பிரினலின் என்னும் தணிப்பு மருந்து மிகு வீரியத்தோடு விற்கப்பட்டபோது இரைப்பு நோயால் இறப்போர் தொகை உயர்ந்தது. 1970-களின் பிற்பகுதியில் நியூஸிலாந்திலும் பெனோடெரால் என்னும் மருந்தால் அதுவே நிகழ்ந்தது. அம்மருந்தைக் கட்டுப்படுத்திய பின்னர் இறப்புக் குறைந்தது. 2014-ல் பிரிட்டனில் வைத்தியர் குழுவொன்று இரைப்பால் இறந்த 195 பேரின் வரலாற்றைத் துருவி ஆராய்ந்து வெளியிட்டது. அவருள் தணிப்பு மருந்தின் கணக்குத் தெரிந்தவர் 165 பேர். அவர்களில் 65 பேர், இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12-க்கு மேற்பட்ட தணிப்பு இன்ஹேலர்களைப் பெற்றிருந்தனர். அஃதாவது, மாதம் ஒன்றுக்கு மேல். ஒரு குப்பியில் 200 முறை அழுத்தும் மருந்து உண்டென்பதை எண்ணிப் பாருங்கள். குப்பி விரைவாகத் தீர்வது மருந்து வேலை செய்வதன் அடையாளம் அன்று. உள்ளே தணல் மூண்டு எரிவதன் அடையாளம்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கி, ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வைத்தியர் அமைப்பாகிய ஜினா, 2019-ல் தன் அறிவுரையை மாற்றியது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எவர்க்கும் சால்புட்டமாலை மட்டும் தனியே கொடுத்து வைத்தியம் செய்யலாகாது. அழற்சியை ஆற்றும் மருந்து ஏதேனும் ஒரு முறையில் உடன் இருத்தல் வேண்டும் என்பதே அது. அதன்படி, பியூடசனைடும் பார்மோட்டெராலும் கலந்த ஒரே இன்ஹேலரைத் தடுப்புக்கும் தணிப்புக்கும் ஒருங்கே பயன்படுத்தும் முறையும் வந்துள்ளது. எவர்க்கு எம்முறை பொருந்தும் என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

நம் தேசத்தின் நிலையைக் கேளுங்கள். 2019-ஆம் ஆண்டைப் பற்றிய உலக நோய்க்கணக்கின்படி, இந்தியாவில் இரைப்பு நோயுடையார் ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் பேர். உலகத்து நோயாளிகளில் எண்மரில் ஒருவர் நம் நாட்டவர். ஆனால் இந்நோயால் உலகில் இறப்போரிலோ, ஐவரில் இருவர்க்கு மேல் நம் நாட்டவர். நோய் எட்டில் ஒரு பங்கு, சாவு ஐந்தில் இரண்டு பங்கு! இந்த ஏற்றத்தாழ்வுக்கு நோயின் கொடுமை காரணமாகாது. நோய் எங்கும் ஒன்றே. மருந்து கிட்டாமையும், கிட்டிய மருந்தைக் கைக்கொள்ளாமையுமே பெருங்காரணம்.

இனி, நம்மவர் சொல்லும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை கூறுவோம்.

முதல் தடை: "இன்ஹேலர் கடுமையான மருந்து, பழகிவிட்டால் விடாது, மாத்திரையே போதும்" என்பது. கணக்கு ஆசிரியர் வேலையைச் சிறிது செய்து காட்டுகிறோம். சால்புட்டமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிவருவது 100 மைக்ரோகிராம். இருமுறை அழுத்தினால் 200. அதே மருந்து மாத்திரையாக வருங்கால் ஒன்றில் 4 மில்லிகிராம் இருக்கலாம். அது 4,000 மைக்ரோகிராம். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றி நுரையீரலை அடையவேண்டியிருத்தலின் இருபது மடங்கு வேண்டியிருக்கின்றது. அதனால் கைந்நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் மிகுகின்றன. செடியின் வேரில் நீர் ஊற்றுவோன் தோட்டம் முழுவதையும் நனைப்பதில்லை. கடுமையானது எது, மென்மையானது எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பழக்கம் என்பதும் பொருந்தாது. கண்ணாடி அணிவோர் நாள்தோறும் அணிவது கண்ணாடிக்கு அடிமையானதாலா? தேவை உள்ளவரை அணிகின்றனர், அவ்வளவே.

இரண்டாம் தடை: "தடுப்பு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கின்றது" என்பது. ஆம், இருக்கின்றது; மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் அளவைப் பாருங்கள். நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் பியூடசனைடு இழுப்பவர் அதனை விட்டுவிட்டுக் கடுந்தாக்குக்கு ஆளானால், நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் மாத்திரை விழுங்க நேரிடும். இரண்டின் வீரியமும் வேறெனினும், எடையால் அது நூறு மடங்கு. சிறிதுக்கு அஞ்சிப் பெரிதை ஏற்பது அறிவுடைமை ஆகாது. இன்ஹேலர் ஸ்டீராய்டுக்குக் குறையே இல்லையென்றும் யாம் சொல்லோம். தொண்டை கரகரக்கும், வாயில் வெண்படலம் தோன்றும். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பின் இவை பெரும்பாலும் வாரா. ஆண்டுக்கணக்கில் இழுக்கும் குழந்தைகளின் உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையலாம் எனவும் கண்டிருக்கின்றனர். ஒரு சென்டிமீட்டர் உயரத்தையும், பிள்ளை ஓடியாடி உறங்கி உயிரோடிருப்பதையும் தராசில் வைத்துப் பாருங்கள். கருவுற்ற பெண்டிர் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவதும் நம்மிடை உண்டு. தாய்க்கு மூச்சு முட்டின் கருவுக்கும் காற்று முட்டும் என்பதை அவர்கள் மறத்தலாகாது.

மூன்றாம் தடை: "நாட்டு மருந்தால் அடியோடு தீரும்" என்பது. சித்த வைத்தியத்தை யாம் பெரிதும் மதிப்பவர். ஆடாதோடை மணப்பாகும் தூதுவளையும் சளிக்கும் இருமலுக்கும் இதம் தரும். முறையாகக் கற்ற சித்த வைத்தியர் சொன்னபடி அவற்றை உண்பதற்குத் தடையில்லை. அதன் பேரில் இன்ஹேலரை எறிந்துவிடுதலே தவறு. ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் உயிருள்ள மீனின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்கின்றனர். பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரளுகின்றனர். அதனால் இரைப்புத் தீரும் என்பது இதுகாறும் முறையான சோதனையால் நிறுவப்படவில்லை. இவற்றினும் அஞ்சத்தக்கது, பெயரும் உள்ளுறையும் எழுதாத பொட்டலச் சூரணம். உண்ட அன்றே அற்புதம்போல் மூச்சு விடச்செய்யும் அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மறைத்துக் கலந்திருப்பதைச் சோதனைச்சாலைகள் பலமுறை கண்டுபிடித்துள்ளன. இன்ஹேலர் ஸ்டீராய்டுக்கு அஞ்சியவர், அளவறியாத ஸ்டீராய்டைத் தேனில் குழைத்து உண்ணும் கொடுமை இது!

நான்காம் தடையே எல்லாவற்றினும் பெரியது. அதனை எவரும் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. அது வெட்கம். எம்மிடம் பயின்ற ஒரு பெண் வகுப்பில் மூச்சிரைத்தபோது, இன்ஹேலரைத் துணியில் சுற்றிப் புத்தகப் பையின் அடியில் வைத்திருப்பதைக் கண்டோம். அதனை எடுக்க எழுந்து வெளியே போகவேண்டும். போனால் பிறர் கேட்பர். ஆகவே இரைப்பைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை தாயாரை அழைத்துச் சொன்னோம். அவர் குரலைத் தாழ்த்தி, "ஐயா, நீங்கள் தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு ஒரு வரன் வந்தால் என்ன சொல்லுவோம்?" என்றார். அவரைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. அந்த அச்சத்தை அவர் தாமாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. நாம் அனைவரும் சேர்ந்து அவருக்கு ஊட்டியிருக்கிறோம். ஜாதகப் பொருத்தம் பத்தும் பார்த்துவிட்டுப் "பெண்ணுக்கு வீசிங் இருக்கிறதாமே" என்று காதோடு காது கேட்டறிந்து மாறிப்போகும் குடும்பங்கள் நம்மிடை இல்லையா? மணமான பின்னும் மாமியார் அறியாமல் குளியலறையில் நின்று மருந்து இழுக்கும் மருமகள்கள் இல்லையா? நாள்தோறும் இருவேளை இழுக்கவேண்டிய மருந்தை ஒளிந்து ஒளிந்து எத்தனை நாள் இழுக்க முடியும்? தடுப்பு மருந்துதான் முதலில் நின்றுபோகும். அவசரத்துக்குரிய தணிப்பு மருந்து மட்டுமே கைப்பையில் எஞ்சும். பிரிட்டனில் இறந்தவர் கணக்கைச் சற்றுமுன் கூறினோம். அந்த வழி இவ்வாறே தொடங்குகின்றது. ஆதலின் வெட்கம் ஒரு குணக்குறை மட்டும் அன்று. அது நோயின் ஒரு கூறாகவே நின்று கொல்வது.

நம் ஜில்லாவில் வாழ்வோர் இதில் இரட்டிப்பு விழிப்புடன் இருத்தல் வேண்டும். விருதுநகரில் மிளகாய் வற்றல் கிட்டங்கியும் பருப்பு ஆலையும்; இராஜபாளையத்தில் பஞ்சாலை; சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கங்களில் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சும். வற்றல் நெடி, பருப்புத் தூசி, பஞ்சு, கந்தகம், அலுமினியப் பொடி, அச்சு மையின் ஆவி ஆகிய இவையெல்லாம் நமக்குச் சோறிட்ட பொருள்கள். அவற்றைப் பழித்தல் எமது கருத்தன்று. ஆனால் அழன்ற காற்றுக்குழாய்க்கு இவை பகை. கந்தகம் எரிந்து எழும் புகை பிறர்க்குத் தும்மலை உண்டாக்கும் அளவிலேயே இரைப்பு நோயாளியின் மூச்சை அடைத்துவிடும். வேலை நாட்களில் இரைத்து, விடுமுறையில் நன்றாயிருப்பவர், தம் தொழில் இன்னதென்று வைத்தியரிடம் தவறாமல் சொல்லுதல் வேண்டும். முதலாளிமார் தூசி படியும் இடங்களில் காற்றோட்டமும், நல்ல முகமூடியும் அளித்தல் வேண்டும். தொழிலாளி ஒருவர் மூச்சு வாங்கினால், வேலை போய்விடுமோ என்ற அச்சமின்றி அதைச் சொல்லும் நிலை ஆலையில் இருத்தல் வேண்டும்.

தீபாவளிக் காலமும் நமக்கு ஒரு சோதனை. வெடிக்கு 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு நேரம் வரையறுத்ததும், பேரியம் உப்பைத் தடுத்ததும், புகை குறைந்த பசுமைப் பட்டாசு வந்ததும் யாவரும் அறிந்தனவே. பசுமைப் பட்டாசிலும் புகை குறையுமேயன்றி ஒழியாது. ஐப்பசி மழைக்குளிரும் சளிக்காய்ச்சலும் புகையும் ஒருங்கே கூடும் அக்காலத்துக்குப் பல வாரங்கள் முன்னரே தடுப்பு மருந்தைத் தவறாது இழுத்து வந்த பிள்ளை, அன்று சாளரத்தருகே நின்று வேடிக்கை பார்க்கும். இழுக்காத பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் தீபாவளி கொண்டாடும். வேறுபாடு இவ்வளவே.

நோயாளி, வைத்தியர், மருந்து, உடனிருந்து மருந்து கொடுப்போர் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புக் கூறி அவ்வதிகாரத்தை முடித்தார் வள்ளுவர். நான்காம் உறுப்பாகிய உடனிருப்போர் இச்சபையில் அமர்ந்திருக்கும் நாம். ஆகையால் நாம் அறியவேண்டியன சில கூறுகிறோம். அழுத்தும் இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளிவிட்டு, அழுத்திக்கொண்டே மெல்ல உள்ளிழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குதல் வேண்டும். குழந்தைகட்கும் முதியோர்க்கும் ஸ்பேசர் என்னும் குழலை இடையில் மாட்டிக் கொடுத்தால் மருந்து தொண்டையில் படியாமல் நுரையீரலுக்குப் போகும். பொடி அடைத்த குளிகையைக் கருவியிலிட்டு இழுக்கும் வகையாயின், மெல்ல அன்று, வலிந்து விரைவாக இழுத்தல் வேண்டும். அக்குளிகையை மாத்திரையென்று எண்ணித் தண்ணீரோடு விழுங்குவோர் இன்றும் உளர், அதனால் பயனில்லை. தணிப்பு எது, தடுப்பு எது என்பதை நிறத்தால் துணியாமல், மேலே எழுதிய பெயரைப் படித்து அறியவேண்டும். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம். ஆண்டில் மூன்று தணிப்புக் குப்பிகள் தீர்ந்தாலே வைத்தியரைக் காணவேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாக்கியத்தைத் தொடர்ந்து பேச முடியாமல் திணறினாலும், மூச்சிழுக்கும்போது விலா எலும்பிடை குழிந்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், தணிப்பு மருந்து இழுத்தும் அடங்காமல் மீண்டும் மீண்டும் இரைத்தாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. நோயாளியைப் படுக்கவிடாமல் நிமிர்ந்து உட்காரச் செய்து, தணிப்பு மருந்தைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். இரைப்பொலி திடீரென்று நின்று நோயாளி சோர்ந்துபோனால் அது குணமன்று. காற்றே புகாத பேரபாயம். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகின்றது. மதுரைக்கு ஓடும் தொலைவு நமக்குக் குறைந்திருக்கின்றது.

முடிவாகச் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். 1922-ல் பி. அய்ய நாடார் அவர்களும் ஏ. சண்முக நாடார் அவர்களும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று வந்தனர். தெரியாததைத் தெரிந்தோரிடம் கேட்டறிவதில் அவர்கள் வெட்கப்பட்டிருந்தால், சிவகாசி இன்றும் வானம் பார்த்த பூமியாகவே இருந்திருக்கும். அந்தத் துணிவில் சிறிது நம் வீட்டு மருந்து அலமாரிக்கும் வரட்டும். வரன் பேசுங்கால், இரைப்பு நோய் உண்டென்பதை மறையாது சொல்லும் வீட்டாரை நேர்மையாளரென மதிப்போம். அக்காரணத்தால் ஒரு பெண்ணையோ பிள்ளையையோ தள்ளுவதில்லை என்று இங்குள்ள பெரியோர் முதலில் உறுதிகொள்ளட்டும். மூத்தோர் ஒருவர், தமக்கு இந்நோய் உண்டாயின், நாலுபேர் முன்னிலையில் தம் இன்ஹேலரை எடுத்து இழுத்துக் காட்டட்டும். யாம் இவ்வளவு நேரம் பேசியதினும் அது மிகுதியாகப் பயன் தரும்.

மருந்து வாங்கப் பணம் தருவது எளிது. அதை வெளிப்படையாக உண்ணும் உரிமை தருவதே அரிது. அவ்வுரிமையை நம் பிள்ளைகளுக்குத் தருவோமாக.